கன்ட்ரி பாடகர்கள் என்றால் அயர்லாந்து ஏன் இரண்டாகப் பிரிகிறது?

6 அக்டோபர் 2025, வாசகர் கேள்வி

டப்ளினில் மென்பொருள் வேலை. எங்கள் அலுவலகத்தில் கேவன் மாவட்டத்துப் பெண் ஒருவர் இருக்கிறார். 2022 இல் இங்கே குரோக் பார்க் மைதானத்தில் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் பாடியதைப் பற்றி இன்றும் கண்கலங்கப் பேசுகிறார். பக்கத்து மேசையிலிருக்கும் டப்ளின்காரர்களோ அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். ஜாஸ் பிடிக்காதவர்கள் ஜாஸ் பற்றிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கன்ட்ரி, அதாவது அமெரிக்கக் கிராமப்புறப் பாணி இசை, பிடிக்காதவர்களால் மட்டும் சும்மா இருக்க முடிவதில்லை. இத்தனைக்கும் இது இங்கிருந்து அமெரிக்கா போய்த் திரும்பி வந்த இசைதானே? பிறகு ஏன் இவ்வளவு வெறுப்பு? மறுபக்கம் ஏன் இவ்வளவு பக்தி?

7 அக்டோபர் 2025

இந்தப் பாடகர்களை நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஹெட்போனில் என்றால் உங்கள் பக்கத்து மேசைக்காரர்களின் தீர்ப்புதான் உங்களுக்கும் வரும். ஒரே மாதிரியான தாளம், எங்கோ கேட்ட மெட்டு, அம்மா, ஊர், மழை, பிரிந்த காதலி. பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

நான் மோனகன் மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர். உடன் வேலை பார்க்கும் பராமரிப்பாளர் ஒருவர் வாரம் தவறாமல் நடனத்துக்குப் போவார். ஒரு முறை என்னையும் இழுத்துப் போனார். ஒரு ஹோட்டலின் விழா மண்டபம். மேடையில் ஆறேழு பேர் கொண்ட இசைக்குழு. கீழே மரத்தரையில் இருபது வயதுப் பெண்ணும் எழுபது வயதுப் பெரியவரும் ஜைவ் என்னும் துள்ளல் நடனம் ஆடுகிறார்கள், அதுவும் ஜோடியாக. அவர் அவளுடைய தாத்தா இல்லை, பக்கத்து ஊர்க்காரர். பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு இருவரும் வேறு வேறு ஆட்களுடன் ஆடப் போய்விட்டார்கள். ஆண்கள் மாற்றுச் சட்டை கொண்டு வந்திருந்தார்கள். முதல் சட்டை இடைவேளைக்குள் வியர்வையில் நனைந்துவிடுகிறது. பெரும்பாலானோர் கையில் தண்ணீர் பாட்டில்தான், ஏனென்றால் நள்ளிரவுக்குப் பிறகு எல்லோரும் காரோட்டி வீடு திரும்ப வேண்டும். பஸ் கிடையாது.

தனியாக வந்த யாரும் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. என்னையும் உட்கார விடவில்லை. பால்மாடு வளர்க்கும் ஒரு பெரியவர் வந்து கையை நீட்டினார், அடி எப்படி வைப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார், இரண்டு பாட்டுக்குப் பின் தன் மனைவியிடம் போய்விட்டார். அயர்லாந்துக்கு வந்தபின் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் அவ்வளவு இயல்பாக நடந்துகொண்டது அதுவே முதல் முறை.

அந்த மண்டபத்தில் பாட்டின் புதுமையை யாரும் எடை போடவில்லை. கால் தப்பாமல் ஆட முடிகிறதா என்பதுதான் அங்கே சோதனை. விமர்சகர்கள் இசைத்தட்டைக் கேட்டு எழுதுகிறார்கள், ரசிகர்கள் சனிக்கிழமை இரவை நினைத்துப் பேசுகிறார்கள். உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

7 அக்டோபர் 2025, இரவு

"இங்கிருந்து அமெரிக்கா போய்த் திரும்பி வந்த இசை" என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மதுக்கடையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், பெருமையாகவும் சொல்வார்கள். ஓரளவுக்குத்தான் சரி. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் அப்பலாச்சிய மலைகளுக்குப் போனவர்கள் வயலினையும் கதைப்பாடல்களையும் கொண்டு போனார்கள். ஆனால் பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகள் வழியாக வந்த கருவி. ப்ளூஸ் கறுப்பின மக்களுடையது. குரலைச் சட்டென்று மேலும் கீழும் உடைத்துப் பாடும் யோடலிங் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்தது. எல்லாம் கலந்து உருவான ஒன்றை "எங்கள் வீட்டிலிருந்து போனது" என்று உரிமை கொண்டாடினால் கொடுத்தவர்களில் பாதிப்பேரின் பெயர் அழிந்துபோகும். அந்த வாதம் இல்லாமலே ஐரிஷ் ரசிகர்களின் அன்பை விளக்க முடியும்.

9 அக்டோபர் 2025

வரலாறு கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த பகுதி இது, நீளமாகப் போகும்.

1935 இல் பொது நடனக்கூடங்களுக்கான சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் பொது நடனம் நடத்தக்கூடாது. வீட்டு அடுப்படியிலும் சாலைச் சந்திப்பிலும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்லப் பாதிரியாரின் கண்பார்வையில் இருந்த திருச்சபை மண்டபங்களுக்குள் வந்து சேர்ந்தார்கள். 1950களின் கடைசியிலிருந்து ஷோபேண்ட் காலம். பித்தளை ஊதுகருவிகளும் பளபளக்கும் கோட்டுகளுமாக நூற்றுக்கணக்கான குழுக்கள் நாடு முழுவதும் வேனில் சுற்றின. வயல்வெளிக்கு நடுவே, ஊர் எதுவும் கண்ணில் படாத இடங்களில்கூடப் பெரும் நடனக்கூடங்கள் எழுந்தன. ஒரு பக்கச் சுவரோரம் ஆண்கள், எதிர்ச் சுவரோரம் பெண்கள். மது கிடையாது, எலுமிச்சைச் சோடாவும் தேநீரும்தான். எங்கள் இல்லத்தில் இருக்கும் தம்பதியரில் பலர் அப்படி ஒரு கூடத்தில் சந்தித்தவர்கள். "எந்தக் குழு பாடிய இரவு?" என்று கேட்டால் போதும், கணவர் மறந்திருந்தாலும் மனைவி சொல்லிவிடுவார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடனங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். அந்த நாற்பது நாளும் குழுக்கள் சும்மா இருக்க முடியுமா? கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார்கள், சில குழுக்கள் அமெரிக்காவுக்கே போயின. கட்டட வேலைக்கும் மருத்துவமனை வேலைக்கும் போயிருந்த ஐரிஷ்காரர்கள் அங்கே காத்திருந்தார்கள். லண்டனில் கிரிக்கிள்வுட்டின் கால்டிமோர் கூடம் 2008 வரை இருந்தது. ஊரைப் பிரிந்த பாட்டுகளுக்கு உண்மையான வாடிக்கையாளர்கள் அந்தக் கூடங்களில் கிடைத்தார்கள்.

ஷோபேண்டுகள் எல்லாவற்றையும் பாடின, வானொலியில் அந்த வாரம் எது முன்னணியில் இருந்ததோ அதையெல்லாம். அவற்றில் கிராமத்துக் கூடங்களில் நிலைத்து நின்றது கன்ட்ரிதான். அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1963 இல் நேரிலேயே வந்து நாடு முழுவதும் பாடினார். இங்கிருந்த பியானோக்கள் சுருதி சேராமல் கிடந்ததைக் கண்டு மனிதர் நொந்துபோனார். மறு ஆண்டே விமான விபத்தில் இறந்தார். அறுபது ஆண்டுகள் ஆகியும் எங்கள் இல்லத்தில் அவர் குரல் ஒலிக்காத வாரம் இல்லை.

10 அக்டோபர் 2025

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. அந்தக் கூடங்களைக் கட்டிச் சம்பாதித்தவர்களில் ஒருவர் பின்னாளில் நாட்டின் பிரதமரானார். ஆல்பர்ட் ரெனால்ட்ஸ், 1992 முதல் 1994 வரை. ரூஸ்கியில் கிளவுட்லேண்ட் என்று ஒரு கூடம், மோட்டில் ரோஸ்லேண்ட் என்று ஒன்று. அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து நடத்தியவை. கவ்பாய் தொப்பியோடு தொலைக்காட்சியில் ஜிம் ரீவ்ஸ் பாட்டு ஒன்றை அவர் பாடினார். அதன்பின் ஃபியானா ஃபாயில் கட்சியில் அவரோடு நின்றவர்களுக்கு "கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்" கோஷ்டி என்று பெயர் விழுந்தது. டப்ளின் பத்திரிகைகளில் அது மரியாதையான பெயராக இருக்கவில்லை. கிராமத்துக் கடைக்காரர்கள், வியாபாரிகள், நாகரிகம் தெரியாதவர்கள் என்ற தொனி அதில் இருந்தது. பட்டப்பெயர் கிடைத்த அந்த மனிதர்தான் வட அயர்லாந்து அமைதிக்கான 1993 டவுனிங் தெரு அறிக்கையில் பிரிட்டிஷ் பிரதமரோடு கையெழுத்திட்டார். தொப்பியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றும்.

12 அக்டோபர் 2025

டேனியல் ஓடானல் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது.

1961 இல் டோனிகால் மாவட்டத்தில் கின்காஸ்லா என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். அக்கா மார்கோ அதற்கு முன்பே புகழ்பெற்ற கன்ட்ரி பாடகி. அக்காவின் குழுவில் சேர்ந்து, பின் 1983 இல் சொந்தக் காசில் முதல் இசைத்தட்டு போட்டார். 1988 இலிருந்து பல பத்தாண்டுகள் ஒவ்வோர் ஆண்டும் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. உலகப் பெயர் வாங்கிய ராக் பாடகர்களாலும் முடியாத சாதனை.

கோடையில் தன் வீட்டுக்கு ரசிகர்களைத் தேநீருக்கு அழைத்தார். விளம்பரத்துக்காகச் சொல்லும் வார்த்தையாக அது இருக்கவில்லை. பஸ் பஸ்ஸாக ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், தேநீரும் கேக்கும் சாப்பிட்டார்கள். அவருடைய தாய் ஜூலியா வந்தவர்களை வரவேற்றார். நிகழ்ச்சி முடிந்தபின் கடைசி ஆள் போகும்வரை நின்று கைகுலுக்குவது அவர் வழக்கம். இசைத்தொழிலில் இருப்பவர்கள் பலர் மேடையின் பின்வாசல் வழியாகக் காரில் ஏறிவிடுகிறார்கள். இவர் முன்வாசலில் நிற்கிறார். கணவரை இழந்த, பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட பெண்கள் அந்த வரிசையில் அதிகம். அவர்களிடம் ஒரு நிமிடம் முழுக்கவனத்தோடு பேசும் புகழ்பெற்ற மனிதர் வேறு யார் இருக்கிறார்?

இதைத்தான் "ஃபாதர் டெட்" தொலைக்காட்சித் தொடர் 1996 இல் கிண்டல் செய்தது. ஓயின் மக்லவ் என்ற கேக் பிரியனான பாடகன், அவனைத் துரத்தும் வயதான பெண்களின் கூட்டம். நாடே சிரித்தது. எழுத்து நன்றாகவே இருந்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். பாடகனைவிட அந்தப் பெண்கள்மேல்தான். இளைஞர்கள் ஒரு ராக் குழுவுக்காக மழையில் விடிய விடிய நின்றால் அதற்கு ஆர்வம் என்று பெயர். அறுபத்தைந்து வயதுப் பெண் நின்றால் பைத்தியம். டேனியல்மேல் வீசப்படும் ஏளனத்தில் பெரும்பங்கு வயதான கிராமத்துப் பெண்களின் ஆசையைப் பார்க்கப் பிடிக்காத மனநிலை என்றே நினைக்கிறேன்.

13 அக்டோபர் 2025

"விமர்சகர்கள் எல்லோரும் மேட்டிமைக்காரர்கள்தானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. அவர்களுடைய குற்றச்சாட்டுகளில் பலமானது ஒன்று உண்டு. அதை ஒப்புக்கொள்ளாத ரசிகரோடு எனக்குப் பேச்சில்லை.

சொந்தப் பாட்டு குறைவு. வேகன் வீல் என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். பல்லவி பாப் டிலன் 1973 இல் பாதியில் விட்டது. அமெரிக்கக் குழு ஒன்று அதை முடித்து 2004 இல் வெளியிட்டது. லிவர்பூலில் பிறந்து, ஃபெர்மானாவில் குடியேறிய நேதன் கார்ட்டர் 2012 இல் பாடினார். அதன்பின் அயர்லாந்தில் அந்தப் பாட்டு இல்லாத கல்யாணம் இல்லை. நன்றாகத்தான் பாடினார், ஒரு தலைமுறை இளைஞர்களையே நடனத்துக்கு அழைத்து வந்தார். ஆனால் அந்த வரிகளில் வரும் நெடுஞ்சாலை வட கரோலினாவுக்குப் போகிறது. மோனகனில் பால் விலை விழுந்ததையும், ஊர் அஞ்சலகம் மூடப்பட்டதையும், பக்கத்துப் பண்ணையில் திருமணமாகாமல் தனியே கிடக்கும் மனிதரையும் யார் பாடுவது? டெக்சஸ் தொப்பியும் டென்னசி உச்சரிப்புமாக ஒரு லாங்ஃபோர்ட் இளைஞன் மேடையேறும்போது எனக்கும் சங்கடம்தான்.

இரண்டாவது குறை, எல்லாப் பாட்டையும் ஜைவ் வேகத்துக்கு இழுத்துவிடுவது. துக்கப் பாட்டும் துள்ளுகிறது. ஆடுபவர்களுக்கு வசதி, பாட்டுக்கு நட்டம். பெண் பாடகர்களுக்கு மேடையில் இடம் குறைவாகவே இருந்து வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைரோன் மாவட்டத்து ஃபிலோமினா பெக்லி அரைநூற்றாண்டுக்கு மேல் பாடி "ராணி" என்று பெயரெடுத்தவர். ஒரு ராணி இருக்கிறார் என்பதைக் காட்டியே மற்றவர்களுக்கு இடம் தராமல் இருந்துவிடலாம் என்பதுபோல் நடந்துகொண்டார்கள்.

13 அக்டோபர் 2025, பின்னர்

"சொந்தப் பாட்டு குறைவு" என்பதோடு இதையும் படியுங்கள். மேற்குக் கரையில் ஐரிஷ் பேசும் கானமாராவில் ஜான் பெக் ஓ ஃப்ளாஹர்ட்டா கன்ட்ரி பாணியில் ஐரிஷ் மொழியிலேயே பாடுகிறார், அந்த ஊர் மனிதர்களையும் கடலையும் பற்றி. ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டிஜி4 கன்ட்ரி பாடகர்களுக்கென்றே ஒரு போட்டி நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறது. மொழியைக் காப்பாற்றுவோர் கவிதையும் பழம்பாடலும் மட்டுமே விரும்புவார்கள் என்று நினைத்தால் கானமாரா மதுக்கடை ஒன்றில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். கன்ட்ரிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

16 அக்டோபர் 2025

பிக் டாம் யார் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் மாவட்டத்துக்காரர், பெருமையோடு எழுதுகிறேன்.

டாம் மக்பிரைட். கேஸில்பிளேனி நகரத்தை ஒட்டிய ஓரம் என்ற ஊர். 1936 இல் பிறந்தார். இளமையில் பிரிட்டனில் கூலி வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார். மெயின்லைனர்ஸ் குழுவோடு 1966 இல் தாயைப் பற்றிய ஒரு பாட்டைத் தொலைக்காட்சியில் பாடினார். அதோடு வாழ்க்கை மாறியது. பெரிய உருவம், கூச்ச சுபாவம். அலங்காரக் கமகம் எதுவும் இல்லாத குரல். புகழின் உச்சியிலும் பண்ணை வேலையை விடவில்லை. விமர்சகர்கள் அவர் குரலைத் தட்டையானது என்பார்கள். அந்தத் தட்டைத்தன்மையே அவருடைய பலம் என்பது என் கட்சி. லண்டனில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவனுக்குத் தன் அண்ணன் பாடுவதுபோல் கேட்டது. பயிற்சி பெற்ற குரல் அந்த வேலையைச் செய்திருக்காது.

2018 ஏப்ரலில் இறந்தார். மனைவி ரோஸ் இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு கேஸில்பிளேனியில் அவர் சிலையை அன்றைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிகின்ஸ் வந்து திறந்துவைத்தார். ஹிகின்ஸ் கவிஞர், முன்னாள் கலை அமைச்சர், சிறு வயதில் வறுமை கண்டவர். புலம்பெயர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு என்னவாக இருந்தது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1959 இல் அயர்லாந்தைப் பற்றி எழுதிய ஒரு பாட்டை இங்கே பலர் பழைய ஐரிஷ் நாட்டுப்பாட்டு என்றே நம்புகிறார்கள். அர்க்கன்சாசில் பிறந்தவர் எழுதியது என்று சொன்னால் என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள்.

19 அக்டோபர் 2025

இனி கார்த் புரூக்ஸ். 2014 இல் நான் குரோக் பார்க்கை ஒட்டிய தெரு ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். ஆகவே இதில் எனக்கு இரண்டு மனம் உண்டு.

அவர் 1990களில் டப்ளினில் பாடியிருக்கிறார், 1997 இல் அதே மைதானத்தில். பிறகு குழந்தைகளை வளர்ப்பதற்காகப் பயணங்களை நிறுத்திவிட்டார். 2014 ஜனவரியில், திரும்பி வருகிறேன், உலகப் பயணத்தை அயர்லாந்தில் தொடங்குகிறேன் என்று அறிவித்தார். முதலில் சொன்னது இரண்டு இரவுகள். குளிரில் இரவெல்லாம் வரிசையில் நின்று மக்கள் டிக்கெட் வாங்கினார்கள். இரண்டு ஐந்தாயிற்று, ஜூலை 25 முதல் 29 வரை. நான்கு லட்சம் டிக்கெட்டுகள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஏறத்தாழ 46 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உரிமம் வாங்கும் முன்பே டிக்கெட் விற்கப்பட்டது. அன்றைய நடைமுறை அதை அனுமதித்தது, எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். குரோக் பார்க் 82,300 பேர் கொள்ளும் மைதானம், சுற்றிலும் சிறிய பழைய வரிசை வீடுகள். கதவைத் திறந்தால் தெரு. அந்த ஆண்டு மே மாதம் ஒன் டைரக்‌ஷன் குழு ஏற்கெனவே மூன்று இரவுகள் பாடியிருந்தது. ஆண்டுக்கு மூன்று நிகழ்ச்சிகளுக்கு மேல் இருக்காது என்று தங்களுக்கு முன்பு வாக்குத் தரப்பட்டது என்று குடியிருப்பாளர்கள் வாதிட்டார்கள். ஜூலைத் தொடக்கத்தில் டப்ளின் மாநகராட்சி மூன்று இரவுகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. ஐந்தும் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்றார் புரூக்ஸ். நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியது. பிரதமர் எண்டா கென்னி கருத்துச் சொன்னார். சமரசம் பேச மெக்சிகோ நாட்டுத் தூதர்கூட முன்வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து இரவுகளும் ரத்து.

என் தெருவில் எதிர்வீட்டுப் பாட்டி நடக்க முடியாதவர். நிகழ்ச்சி நாட்களில் தெரு மூடப்படும், அவரைப் பார்க்க வரும் மகன் அனுமதிச் சீட்டைக் காட்டித் தடுப்பைத் தாண்டி வரவேண்டும். அவருக்கு புரூக்ஸ் பாட்டு பிடிக்கும். ஆனாலும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். வானொலியில் அழைத்துப் பேசியவர்கள் அந்தக் குடியிருப்பாளர்களைச் சுயநலக்காரர்கள் என்றார்கள், பணத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்றார்கள். அந்தத் தெருக்களின் மக்கள் பெரும்பாலும் உழைப்பாளிக் குடும்பங்கள். கிராமத்து மக்களை ஏளனம் செய்யும் பணக்கார டப்ளின் அங்கே குடியிருக்கவில்லை. இதைத்தான் பலர் மறந்தார்கள். குடியிருப்பாளர்கள் கேட்டது நியாயம். அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அந்த வாரங்களில் எழுதப்பட்டவற்றை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. டிக்கெட் வாங்கியவர்களை அறிவு குறைந்த மந்தையாக வரைந்த எழுத்துகள் எத்தனை! வேறு பாடகராயிருந்தால், ரத்தானதற்கு வருந்தும் நான்கு லட்சம் பேரை இப்படி நகைத்திருப்பார்களா? உரிம நடைமுறையின் ஓட்டையைப் பற்றி எழுதவேண்டிய இடத்தில் கவ்பாய் தொப்பியைப் பற்றி எழுதினார்கள்.

2022 செப்டம்பரில் புரூக்ஸ் திரும்பி வந்து, அதே மைதானத்தில், அதே ஐந்து இரவுகள் பாடினார். இரண்டு வார இறுதிகளில் பிரித்து நடத்தினார்கள். நான்கு லட்சம் டிக்கெட்டுகளும் மறுபடி விற்றன.

20 அக்டோபர் 2025

"அவர் அமெரிக்கக் கோடீசுவரர், அவரையும் டேனியலையும் ஒரே தட்டில் வைக்கலாமா?" என்று ஒரு கேள்வி. பணத்தில் வைக்க முடியாது. ரசிகர் கூட்டம் ஒன்றேதான். கேவன், மேயோ, டைரோன், லாங்ஃபோர்ட். குரோக் பார்க் ஐரிஷ் மரபு விளையாட்டுகளுக்கான கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் மைதானம். ஒவ்வொரு கிராமத்திலும் அந்தச் சங்கத்தின் கிளை உண்டு. தங்கள் மாவட்டம் இறுதிப்போட்டிக்கு வந்தால் கொடியோடு அங்கே போகிறவர்கள், அதே இருக்கையில் புரூக்ஸைக் கேட்கவும் போனார்கள். தலைநகரம் தங்களுடையதாகும் சில நாட்கள் அவை.

24 அக்டோபர் 2025

எல்லைப்புறத்தில் வாழ்வதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கத்தோலிக்கத் தேசியவாதிகளும் புராட்டஸ்டண்ட் பிரிட்டிஷ் ஆதரவாளர்களும் மோதிக்கொண்ட கலவரக் காலத்தில் வட அயர்லாந்துக்குப் பெரிய கலைஞர்கள் வர அஞ்சினார்கள். 1975 ஜூலை 31 அன்று மியாமி ஷோபேண்ட் குழு நியூரிக்கு அருகே போலிச் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டு மூன்று இசைக்கலைஞர்கள் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து வாசித்த குழு அது. அதன்பின் எல்லை தாண்டி வேனில் போவதென்றால் குடும்பமே விழித்திருந்தது. மறு ஆண்டு, 1976 இல், சார்லி பிரைட் பெல்ஃபாஸ்ட் வந்து பாடினார். மிசிசிப்பியில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினக் கன்ட்ரி பாடகர். நிறப் பிரிவினையில் வளர்ந்தவர், மதப் பிரிவினை நகரத்துக்கு வந்தார். இரு தரப்பும் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்டது. எங்கள் இல்லத்தில் ஆரஞ்சுச் சங்கம் என்னும் புராட்டஸ்டண்ட் அமைப்பைச் சேர்ந்த குடும்பத்துப் பெரியவரும் தேசியவாதக் குடும்பத்துப் பெரியவரும் அரசியலில் ஒரு வார்த்தை ஒத்துப்போகமாட்டார்கள். பிரைட் பாட்டு வந்தால் இருவரும் ஒரே இடத்தில் சேர்ந்து பாடுகிறார்கள். இசை சண்டையைத் தீர்த்தது என்று நான் சொல்ல வரவில்லை. சண்டை நடந்தபோதும் அந்த மக்கள் பகிர்ந்துகொண்டவை மிகச் சில, அதில் இது ஒன்று.

2 நவம்பர் 2025

சீமாட் பற்றி எழுதச் சொன்னவருக்கு நன்றி. மீத் மாவட்டத்து டன்பாய்ன் ஊர்ப் பாடகி, 1996 இல் பிறந்தவர், கன்ட்ரியை வெளிப்படையாக நேசிப்பவர். அவருடைய மூன்றாவது ஆல்பம் ஆகஸ்ட் மாதம் வந்தது. தலைப்புப் பாடல் ஐரிஷ் வரிகளோடு தொடங்கி, 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் தன்னைச் சுற்றி இருந்த தந்தையர் உயிரை மாய்த்துக்கொண்டதைப் பாடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

13ஆம் தேதி நான் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இங்கே கிடைக்கிறது. இந்த மண்ணில் நடந்ததை, இந்த மண்ணின் பேச்சில், கன்ட்ரியின் வடிவத்தில் பாட முடியும். டப்ளின் விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் "கடைசியில் நல்ல கன்ட்ரி வந்துவிட்டது" என்ற தொனி கேட்கும்போது எனக்கு உடன்பாடில்லை. பிக் டாம் பாடிய துக்கமும் உண்மையானதுதான். அவர் அதைத் தானே எழுதவில்லை என்பதால் கேட்டவனின் கண்ணீர் இரவல் ஆகிவிடாது.

9 நவம்பர் 2025

"சீமாட் பாட்டை உங்கள் ஊர் வானொலியில் போடுகிறார்களா?" என்று கேட்டது கூர்மையான கேள்வி. நான் வேலைக்குப் போகும் நேரங்களில் கேட்டதே இல்லை.

1989 இலிருந்து உரிமம் பெற்ற உள்ளூர் வானொலிகள்தான் இந்த இசையை உயிரோடு வைத்திருக்கின்றன. தேசிய வானொலி ஒதுக்கியபோது இவர்கள் இடம் கொடுத்தார்கள். காலையில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள். இன்னார், இன்ன ஊர், இன்ன தேவாலயத்தில் அடக்கம். பிறகு கால்நடைச் சந்தை விலை, பிறகு நேயர் விருப்பம். அந்த வரிசையில் கன்ட்ரி வரும்போது அது வெறும் பாட்டாகக் கேட்பதில்லை, ஊர்ச் செய்தியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. நகரத்தில் வளர்ந்த விமர்சகருக்கு இந்த வரிசை தெரியாது.

ஆனால் அதே நிலையங்கள் புதிதாக எழுதுபவர்களை உள்ளே விடத் தயங்குகின்றன. நேயர்களுக்குத் தெரிந்த பாட்டுதான் வேண்டும் என்கிறார்கள். நேயர்கள் அவ்வளவு குறுகியவர்கள் என்று நான் நம்பவில்லை. போன வாரம் இல்லத்தின் மதிய நேரத்தில் அந்தத் தலைப்புப் பாடலைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெரியவர் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார், தாளம் பிடிக்கவில்லை. ஒரு பெண்மணி திரும்பப் போடச் சொன்னார். அவருடைய தம்பி கட்டட ஒப்பந்ததாரர், 2010 வாக்கில் எல்லாவற்றையும் இழந்தவர். பாட்டு முடிந்ததும் தம்பியைப் பற்றி வெகுநேரம் பேசினார். இதுவரை அவர் எங்களிடம் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

நேயர் விருப்ப நிகழ்ச்சிக்கு அவர் சார்பில் அந்தப் பாட்டைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் போடவில்லை. இந்த வாரமும் எழுதப் போகிறேன். எல்லைப்புற மாவட்டங்களில் இருப்பவர்கள் நீங்களும் உங்கள் நிலையத்துக்கு எழுதுங்கள்.